ஓரத்தில் எழுதிய அடிக்கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. நித்யா பேசினாள். நான் கடைசியாக வேலை பார்த்த அரசு உயர்நிலைப் பள்ளியில் இப்போது அவள்தான் கணக்கு டீச்சர்.

“லூர்து டீச்சருங்களா? ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைங்களோட பெத்தவங்களுக்குக் கூட்டம் வைக்கிறோமுங்க. வீட்டுப்பாடத்துக்கு ஊட்டுல எப்படி ஒத்தாசை பண்றதுன்னு நீங்க வந்து அரை மணி நேரம் பேசோணும். உங்களுக்குத் தெரியாததுங்களா?”

முப்பத்து மூன்று வருடம் வீட்டுப்பாடம் கொடுத்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்பது அவள் எண்ணம். சிரமம் வேண்டாம் என்று பத்துக் குறிப்புகளை அவளே எழுதி வாட்ஸப்பில் அனுப்பியும் விட்டாள். பக்கத்தில் உட்காருங்கள், டிவியை அணையுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். எல்லாம் நல்ல குறிப்புகள்தான். நாலாவதில் வந்து நின்றுவிட்டேன். ‘படிக்கும் நேரத்தில் செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள்.’

இன்றைக்கு வீட்டுப்பாடமே செல்போனில்தான் போகிறது. வாங்கி வைத்தால் பிள்ளை எதைப் பார்த்துச் செய்யும் என்று நித்யாவைச் சீண்டியிருக்கலாம். சீண்ட மனம் வரவில்லை. அதே நாலாவது குறிப்பை ஒரு தாய்க்கு நான் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். அந்தத் தாய் அதை எழுத்துப் பிசகாமல் கேட்டு நடந்தார்.

நான் சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பி.எட். முடித்து, எங்கெங்கோ மாற்றலாகி, கடைசிப் பதினோரு வருடம் ராசிபுரத்துக்கு மேற்கே இருந்த அந்தப் பள்ளியில் கழிந்தது. சுற்றிலும் கோழிப்பண்ணைகள். தகப்பன்மார்களில் பாதிப்பேர் லாரியில் இருப்பார்கள், இல்லையென்றால் போர் போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போயிருப்பார்கள். நாமக்கல் பஸ்ஸில் போய் ராசிபுரத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து இருபதுக்குச் சேலத்துக்கு நேராக ஒரு பஸ் உண்டு. அதை விட்டால் இரண்டு பஸ் மாறி வீடு சேர எட்டு மணியாகும். அந்த ஐந்து இருபது பஸ்ஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடம் திருத்துவதில் எனக்கு ஒரு முறை இருந்தது. வரிசைக்கு ஒரு பிள்ளை நோட்டுகளை வாங்கி, அன்றைய பக்கத்தைத் திறந்தபடி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மேசையில் வைக்க வேண்டும். மூடிய நோட்டைத் தொடமாட்டேன். முதலில் தேதி, அடுத்து கடைசி வரி விடை, அதன்பின் கீழே பெற்றோர் கையெழுத்து. கையெழுத்து இல்லாதவை தனி அடுக்கு. நோட்டின் இடது ஓரத்தில் கோடு போட்டு ஒரு விரற்கடை விட்டிருக்க வேண்டும். அந்த இடம் என் சிவப்பு மைக்கு மட்டும். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் ‘செவப்பு மை’. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியர் பெரியசாமி சார் வேறு மாதிரி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வகுப்பு நடக்கும்போது பின்வாசல் வழியாக வந்து, அடுக்கிலிருந்து இரண்டு நோட்டை உருவி எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போவார். கணக்கைப் பார்க்கமாட்டார், கையெழுத்தை மட்டும் பார்ப்பார்.

“இந்தம்மா கையெழுத்து இன்னைக்கு நடுங்கியிருக்குதுங்களே டீச்சர். ஒடம்புக்கு ஏதாச்சும் சுகமில்லீங்களா?” என்பார். அப்படியே இருக்கும். இன்னொரு நாள், “இது அந்தப் பையன் போட்டதுங்க. அவிங்கப்பா கோடு இழுத்தா நேரா நிக்கும், லாரிக்குப் பாடி கட்டறவரு,” என்றார். பையனிடம் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அப்பாவின் கையெழுத்தே வந்தது.

அவர் அறையில் நீளமான ஒரு நோட்டு இருந்தது. பிள்ளையின் பெயர், வீடு, பார்த்த நாள், பார்த்தவர் கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கும். பெற்றோரைக் கூப்பிட்டுக் குறை சொல்வதற்கு முன்னால் ஆசிரியர் ஒருமுறையாவது அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அரசாங்கச் சட்டம் இல்லை, அவருடையது.

“ஊட்டைப் பாத்துப்போட்டு அப்புறம் செவப்பு மையைத் தொறங்க டீச்சர். லைட்டு எங்க இருக்குது, புள்ள எங்க உக்காருது, அந்நேரத்துக்கு ஊட்டுல ஆரு இருக்கறாங்க. இந்த மூணு தெரிஞ்சாப் போதும்.”

எனக்கு அது வெட்டிவேலையாகத் தெரிந்தது. ஆனாலும் போவேன். நாற்பது பிள்ளைகளில் முப்பத்தொன்பது வீடு பார்த்திருக்கிறேன்.

நாற்பதாவது மேகலா, ஒன்பதாம் வகுப்பு. ஒல்லியான பெண், கேட்டால் மட்டும் பேசுவாள். அம்மா பழனியம்மாள் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிறவர். பண்ணைக்குள்ளேயே கட்டியிருந்த லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அப்பா செல்வராஜ் ரிக் வண்டியில் டிரில்லர். பூமியைத் துளைக்கும் குழாயை இறக்கி ஏற்றுகிற வேலை. வடக்கே வண்டியோடு போனால் ஆறு மாதம், எட்டு மாதம் கழித்துத்தான் வருவார்.

மேகலாவின் நோட்டு எனக்கு எரிச்சலை மூட்டும். கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் நாலு வரியில் முடிய வேண்டியதைப் பன்னிரண்டு வரியாக எழுதியிருப்பாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, ‘ஏன்னா ரெண்டு பக்கமும் அஞ்சைக் கழிச்சாச்சு’, ‘ஏன்னா இந்தப் பக்கம் வந்தா மாறும்’ என்று பேச்சு நடையில் ஒரு குறிப்பு. அது போதாதென்று என்னுடைய ஓரத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கத்தில், பென்சிலால் எண்கள் எழுதியிருப்பாள். ‘210. 340, பாறை. 415, தண்ணி. 180, மழை, நிறுத்தியாச்சு.’ கணக்குக்கும் அந்த எண்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ‘ஏன்னா’க்களை எல்லாம் சிவப்பில் அடித்துவிட்டு, ஓரத்து எண்களைச் சுற்றி வட்டம் போட்டேன். ஒருநாள் எழுப்பி நிறுத்திக் கேட்டேன்.

“என்ன இது?”

“போன் பேசறப்ப எழுதினதுங்க டீச்சர்.”

“போன் பேசிக்கொண்டா வீட்டுப்பாடம் செய்கிறாய்?”

“ஆமாங்க டீச்சர்.”

மறைக்கக்கூடத் தெரியாத பெண் என்று நினைத்தேன். மறைக்க அதில் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. யாரோடு பேசினாய் என்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். பதினான்கு வயதுப் பெண் சாயங்காலம் போனில் பேசினால் எதிர்ப்பக்கம் யார் இருப்பார்கள் என்பதை நானே முடிவு செய்துவிட்டேன். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று கரும்பலகையின் மூலையில் என் கையால் எழுதிப் போட்டிருந்தேன். அந்த வாரத்துப் பழமொழி அதுதான். ஊருக்குத்தானே உபதேசம்.

பெரியசாமி சாரின் சட்டப்படி முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும். அன்று சாயங்காலமே போனேன். பண்ணை வாசலில் பெரிய இரும்புக் கேட். அதன்முன்னே தரையில் தொட்டி மாதிரி பள்ளம் வெட்டி மருந்துத் தண்ணீர் விட்டிருந்தார்கள். உள்ளே போகும் வண்டிச் சக்கரமும் மனிதர் காலும் அதில் நனைந்துதான் போக வேண்டும். காவல்காரர் எழுந்து வந்தார்.

“வெளியாளுங்களை உள்ள உடறதில்லீங்க. கோழிக்குச் சீக்கு புடிச்சுக்கும். ஓனரைக் கேட்டுட்டு வாரேன், செத்த இருங்க,” என்று போனார்.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. கம்பி வழியே எட்டிப் பார்த்தேன். நீள நீளமாகக் கோழிக்கொட்டகைகள், அதற்கு அப்பால் ஓட்டுக்கூரை வரிசை ஒன்று. அதில் எது மேகலா வீடு என்று தெரியவில்லை. ஐந்து நிமிடம் நின்றேன். அவர் வரவில்லை. கொஞ்சம் பொறுத்தால் வந்திருப்பார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். ஐந்து இருபது பஸ் கிடைத்தது, ஜன்னலோர இடமும் கிடைத்தது.

மறுநாள் நீள நோட்டில் மேகலா பெயருக்கு நேரே தேதி போட்டு, ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கடுத்த நாள், நான் மேகலாவிடம் சொல்லி அனுப்பியபடி பழனியம்மாள் வந்தார். அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆசிரியர் அறையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நோட்டைத் திறந்து வட்டங்களைக் காட்டினேன்.

“சாயங்காலம் போன் யார் கையில் இருக்கும்?”

“புள்ளகிட்டத்தானுங்க. நான் முட்டை அடுக்கி லோடு ஏத்திப்போட்டு வர எட்டு மணி ஆயிருமுங்க. அவிங்கப்பா...”

“அவள் அப்பா இங்கே இருந்தாலும் இதைத்தான் சொல்வார்,” என்றேன். அவரை முடிக்க விடவில்லை. “அரையாண்டுப் பரீட்சை வருகிறது. பரீட்சை முடிகிற வரைக்கும் போனை அவள் கண்ணில் காட்டாதீர்கள். நீங்கள் வேலைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்விடுங்கள்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “செரிங்க டீச்சர். நீங்க சொன்னா நல்லதுக்குத்தானுங்க,” என்றார். கையெழுத்துக் கேட்டேன். பேனாவை இறுக்கிப் பிடித்து, ப, ழ, னி என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுவிட்டுப் போனார்.

நோட்டு மாறியது. பன்னிரண்டு வரி நாலு வரியாயிற்று. ‘ஏன்னா’ இல்லை. ஓரம் வெள்ளையாக இருந்தது. விடைகள் எல்லாம் சரி. பக்கத்துக்குப் பக்கம் ‘மிக நன்று’ என்று எழுதினேன். பெரியசாமி சார் ஒருநாள் அந்த நோட்டை உருவி எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ரொம்ப நேரம் புரட்டினார். அன்று கையெழுத்தை மட்டும் பார்க்கவில்லை.

“புள்ள திடீர்னு சுருக்கமா எழுதுதுங்களே. ஊட்டைப் பாத்தீங்கல்ல டீச்சர்?”

“பார்த்தேன் சார்.”

அவர் நோட்டை அடுக்கில் வைத்துவிட்டுப் போனார்.

கணக்குப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேகலா வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் வந்து சொன்னது. வடக்கே ரிக் வண்டியில் குழாய் ஏற்றும்போது சங்கிலி அறுந்து, குழாய் செல்வராஜ் மேல் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவருகிறார்கள், நாளை மத்தியானம் வந்து சேரும்.

மறுநாள் மத்தியானம் பெரியசாமி சாரோடு போனேன். அன்று கேட் திறந்தே கிடந்தது. மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து உள்ளே போனோம். கொட்டகைகளைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரிந்தது. சார் நின்று, எந்தப் பக்கம் என்பது போல என்னைப் பார்த்தார். வீடு பார்த்தவள் நான்தானே. எனக்கு வலதும் தெரியவில்லை, இடதும் தெரியவில்லை. என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அழுகைச் சத்தம் வந்த பக்கம் அவரே நடந்தார்.

ஒரே அறை. வாசலுக்கு மேலே ஒரு பல்பு. அதற்கு நேர்கீழே படியில் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தது. அவள் உட்கார்ந்து எழுதும் இடம் அதுதான் என்று பார்த்ததும் தெரிந்தது. லைட்டு எங்கே, பிள்ளை எங்கே உட்காருகிறது. இரண்டும் தெரிந்துவிட்டது. மூன்றாவதையும் அங்கேயே தெரிந்துகொண்டேன்.

உடலோடு கூடவே வந்த ரிக் ஆள் ஒருவர், தூக்கமில்லாத கண்ணோடு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஏனுங்க, கணக்கு டீச்சர் நீங்கதானுங்களா? அண்ணன் உங்களைப் பத்திச் சொல்லுமுங்க. ஏழு மணிக்குச் சிப்ட் மாறி, எட்டு மணிக்கு மறுபடி வண்டி ஓட்டோணும். நடுவுல அந்த ஒரு மணி நேரம், நாங்கெல்லாம் சாப்பிட்டுப் படுப்போம். அண்ணன் மட்டும் சத்தம் கேக்காத எடமாப் பாத்துப் போயிரும். பாப்பா கணக்குப் போடும், அண்ணன் போனைக் காதுல வச்சுட்டு உக்காந்திருக்கும். அண்ணன் படிச்சது எட்டாவதுதானுங்க. கணக்கு என்ன தெரியும்? ‘அது எப்படி சாமி அங்க போச்சு? ஏன்?’ன்னு கேட்டுட்டே இருக்கும். பாப்பா சொல்லும். ‘இப்பச் செரி, அடுத்ததைப் போடு’ங்கும். கடைசீல, இன்னைக்கு எத்தனை அடி எறக்குனோம்னு பாப்பா கேக்கும்.”

அவர் நிறுத்தவில்லை. அவருக்கு என்ன தெரியும்?

“இந்த ஒரு மாசமா பரிட்சைன்னு போன் இல்லீங்க. மொத நாள் அண்ணி எடுத்து, டீச்சர் வேண்டாம்னுட்டாங்கன்னு சொன்னாங்களாம். நாங்க கேலி பண்ணுனோம். ‘டீச்சர் சொன்னாச் செரியாத்தான் இருக்கும்டா, பரிட்சை முடியட்டும்’னுச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு வார்த்தை பேசும். அந்நேரம் ஆனா அதே எடத்துல போய்ச் சும்மா உக்காந்துட்டு வருமுங்க.”

பிறகு சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். செல்வராஜின் பையில் இருந்ததாம். தேதி, அதற்கு நேரே அடி. ‘265. 390, பாறை. 120, குழாய் மாட்டிக்கிச்சு. 440, நல்ல தண்ணி.’ ஒருநாள்கூட விடாமல் எழுதியிருந்தது. தலைப்பில், ‘பாப்பாகிட்ட பரிட்சைக்கு அப்பறம் சொல்ல’ என்று இருந்தது. அவர் அதை என்னிடம் நீட்டினார். பெரியசாமி சார் வாங்கி, உள்ளே போய் மேகலாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

பெரியசாமி சாரும் நானும் கேட் வரைக்கும் திரும்பி நடந்தோம். மருந்துத் தண்ணீரைத் தாண்டிய பிறகு, “இன்னைக்குத்தான் உள்ள வர்றீங்களா டீச்சர்?” என்றார்.

“ஆமாம் சார்.”

அவர் திட்டியிருக்கலாம். மெமோ கொடுத்திருக்கலாம். “பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு, பாத்துப் போங்க,” என்று மட்டும் சொன்னார். மறுநாள் நீள நோட்டை எடுத்து, ‘பார்த்தேன்’ என்று எழுதியிருந்ததை நானே அடித்து, ‘பார்க்கவில்லை’ என்று எழுதினேன். அடித்ததையும் எழுதியதையும் அவர் அப்படியே விட்டுவிட்டார். மாதா கோயிலில், சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் ஜெபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். பழனியம்மாளிடம் சொல்லத்தான் ஒரு வாரம் ஆயிற்று. “அம்மா, அன்றைக்கு உங்களைப் பேசவிடாமல் போனேன்,” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லதுக்குத்தானுங்க சொன்னீங்க,” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

நித்யாவிடம், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பத்துக் குறிப்பும் வேண்டாம், இதை மட்டும் சொல்கிறேன் என்றேன். பெற்றவர்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டாம். ‘ஏன்?’ என்று கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கூட இருந்தால் போதும், போனிலாவது. இது எனக்கு எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எட்டாவது படித்த ஒருவர் தானாகவே செய்துகொண்டிருந்தார். நான் போய் நிறுத்தினேன்.

மேகலா பத்தாவது முடித்தாள். கணக்கில் தேறினாள். பிறகு தாயும் மகளும் சேந்தமங்கலம் பக்கம், அம்மா பிறந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்து அவள் வந்த முதல் நாள் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வழக்கம்போல நோட்டுகள் அடுக்கி வந்தன. அவளுடையதும் அதில் இருந்தது. என் ‘மிக நன்று’கள் இருந்த பக்கங்களில், வெள்ளையாகக் கிடந்த ஓரம் எல்லாம் பென்சில் எண்கள். தேதி பார்த்து, அந்தந்த நாளுக்கு நேரே, அப்பாவின் தாளிலிருந்து எடுத்து எழுதியிருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டேன். பாட வேளை முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“டீச்சர், பரிட்சை முடிஞ்சுருச்சுங்க. ஏழு மணிக்குப் போனை வச்சுக்கலாங்களா? ஆரும் கூப்புட மாட்டாங்க டீச்சர். சும்மா பக்கத்துல வச்சுட்டுக் கணக்குப் போடறேன்.”